புல்தரைக்கு நிலம் தயார் செய்வதும் மட்டம் பிடிப்பதும்: நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டி, காம்பவுண்டு சுவரும் எழுப்பிவிட்டு, முன்னால் கிடக்கிற ஒன்றிரண்டு சென்டில் புல் போடலாம் என்று நினைப்பவர்கள் கேட்பவை இவை. எந்தப் புல், சதுர அடி என்ன விலை என்பதில்தான் எல்லோருக்கும் ஆர்வம். புல்தரை கெட்டுப்போவது பெரும்பாலும் புல்லால் அல்ல, கீழே இருக்கும் மண்ணாலும் அதில் தண்ணீர் ஓடும் விதத்தாலும். ஆகவே இங்கே பேச்சு முழுக்க மண்ணைப் பற்றியது.

எங்கள் வீட்டு முன்னால் ஐந்து சென்ட் காலியாகக் கிடக்கிறது. முழுவதும் புல் போடலாமா?

போடலாம், தண்ணீர் இருந்தால். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட 40 லிட்டர் வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் பச்சையாக இருக்கிற புல், நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் வரை இழுக்கும். சென்டுக்கு 200 லிட்டர், ஐந்து சென்டுக்குத் தினம் 1,000 லிட்டர். கோடையில் போர்வெல் தண்ணீர் இறங்கிப்போகிற தெருவில் இது பெரிய வீம்பு. ஒரு சென்டில் நன்றாகப் போட்டுவிட்டு, மிச்சத்தில் மரமும் செடியும் வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

வேலையை எந்த மாதம் தொடங்குவது?

மண்ணைக் கொத்திப் போட சித்திரை, வைகாசி. வெட்டிப் போட்ட களைக் கிழங்கும் வேரும் அந்த வெயிலில்தான் காயும். ஆனி, ஆடியில் எரு கலந்து, வாட்டம் (தண்ணீர் வடிய ஒரு பக்கச் சரிவு) பிடித்து, தண்ணீர் விட்டு மண்ணை இறங்க விடலாம். ஆவணிக் கடைசியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ புல் பதித்தால், ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும்.

புரட்டாசி தாண்டிவிட்டால் அவசரப்படாதீர்கள். நமக்கு முக்கியமான மழை வடகிழக்குப் பருவமழை. அது இறங்கும்போது வெறும் மண்ணாக இருந்தால், பார்த்துப் பார்த்துப் பிடித்த மட்டமெல்லாம் கேட்டுக்கு வெளியே ஓடிவிடும். தை வரை பொறுத்துப் போடலாம். நம் பக்கம் தையிலும் புல் வளராத அளவுக்குக் குளிர் கிடையாது. தென்காசி, குற்றாலம் பக்கம் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே ஆனியிலேயே சாரல் தொடங்கிவிடுவதால், கொத்தும் வேலையையும் காயப்போடும் வேலையையும் வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

எங்கள் மண் எப்படிப்பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊர்ப் பெயரைச் சொன்னாலே பாதி தெரிந்துவிடும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று தாமிரபரணிக் கால்வாயை ஒட்டிய பழைய வயல்கள் மனையாகியிருந்தால் களி கலந்த வண்டல். மானூர், சங்கரன்கோவில் பக்கம் கரிசல். வள்ளியூர், நாங்குநேரி, ஆலங்குளம் பக்கம் பெரும்பாலும் செவல், அதாவது செம்மண். பாளையங்கோட்டையைச் சுற்றி மேட்டுப் பகுதிகளில் ஒரு மம்பட்டி ஆழத்திலேயே சரள் (சிறு கல் கலந்த மண்) தட்டும். திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி என்றால் தேரி மணல், காற்றில் பறக்கிற செம்மணல்.

ஆனால் மனையில் இருப்பது ஊர் மண்தானா என்பது வேறு விஷயம். மனை போட்டவர் எங்கிருந்தோ லாரியில் அடித்த மண்ணாகவும் இருக்கலாம். அதனால் இரண்டு மூன்று இடத்தில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்துப் பாருங்கள். மேல் மண் எவ்வளவு, கீழே என்ன இருக்கிறது என்று வரிவரியாகத் தெரியும். அந்தக் குழியிலேயே தண்ணீர் ஊற்றி, அது வடிந்ததும் இரண்டாம் முறை நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அது வடியாத நிலம். அதற்கு வழி செய்யாமல் மேலே புல் போட்டால் ஒரே மழையில் வேர் அழுகும். ஊற்றிய வேகத்தில் மாயமாகிவிட்டால் எதிர்ப் பிரச்சினை, தண்ணீரைப் பிடித்து வைக்க அந்த மண்ணுக்குச் சக்தி இல்லை.

உப்போ சுண்ணாம்போ அதிகம் என்று சந்தேகம் இருந்தால் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். போர்த் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கூடவே கொண்டுபோவது நல்லது.

கட்டடம் கட்டின குப்பையெல்லாம் அங்கேதான் மூடிக் கிடக்கிறது. மேலே ஆறு அங்குலம் நல்ல மண் அடித்தால் போதாதா?

போதாது. பல வீடுகளில் கொத்தனார் வேலை முடித்துப் போகும்போது சிமெண்ட் கட்டி, ஓட்டுச் சில்லு, காலிச் சாக்கு, சென்ட்ரிங் பலகைத் துண்டு எல்லாவற்றையும் ஒரு குழியில் தள்ளி மண்ணை மூடிவிடுவார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். சிமெண்டும் சுண்ணாம்பும் அந்த இடத்து மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். புல் மஞ்சளாகவே நிற்கும். மரத்துண்டு கறையானுக்கு வீடு. பலகை மட்கிப் போனதும் மேல் மண் குழியாக உள்வாங்கும். கலவை குழைத்த இடம் வேறு தட்டாக இறுகிக் கிடக்கும், அதைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்து எடுக்க வேண்டும்.

ஓர் அடி ஆழத்துக்குக் கிளறி, கைப்பிடி அளவுக்கு மேற்பட்ட கல்லையெல்லாம் பொறுக்குங்கள். மேல் நான்கு அங்குலத்தில் கோலிக்குண்டை விடப் பெரிய கல் இருக்கக் கூடாது. இந்த ஒரு வேலைக்குத்தான் ஆள் கூலியில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது என்பேன்.

கோரை மண்டிக் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பொறுமை வேண்டும். கோரையை மேலே பறித்தால் கீழே உள்ள கிழங்கு இரண்டாக முளைக்கும். ஒரு கிழங்கிலிருந்து சங்கிலி மாதிரி அடுத்தடுத்த கிழங்குகள் ஓடும். ஆகவே சித்திரையில் ஓர் அடி ஆழத்துக்குக் கொத்தி, கையில் கிடைக்கிற கிழங்கையெல்லாம் பொறுக்கி, மிச்சத்தை வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவிடுங்கள். பிறகு தண்ணீர் விடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் மறுபடி முளைக்கும். மறுபடி கிழங்கோடு எடுங்கள். இப்படி மூன்று சுற்றாவது வேண்டும்.

சின்ன இடம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மண்ணை நனைத்து, மேலே ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரித்து, ஓரத்தை மண் போட்டு மூடி, நான்கிலிருந்து ஆறு வாரம் கோடை வெயிலில் விடுவது. கறுப்புத் தாளை விட ஒளி புகும் தாளுக்குத்தான் உள்ளே சூடு அதிகம் ஏறும். மேல் மண்ணில் கிடக்கிற களை விதைகள் பெரும்பகுதி அவிந்துவிடும். ஆழத்தில் இருக்கும் கோரைக் கிழங்கு தப்பிக்கலாம், அதைக் கொத்தித்தான் ஆக வேண்டும்.

களைக்கொல்லி அடிக்கலாமே என்பார்கள். கிளைபோசேட் மருந்தைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதோடு, உறக்கத்தில் இருக்கும் கிழங்கை அது தொடாது. இலை விட்டு வளர்கிற கிழங்குக்குத்தான் மருந்து இறங்கும். வீட்டு முற்றத்துக்கு மம்பட்டியே மேல்.

ஜேசிபி வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாமா?

பெரிய மேடு பள்ளம் இருந்தால் தாராளமாக வையுங்கள், இரண்டு நிபந்தனையோடு. முதலில், மேலே இருக்கும் ஐந்தாறு அங்குல மண்ணை வழித்து ஓர் ஓரத்தில் குவிக்கச் சொல்லுங்கள். கீழ் மண்ணில் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிய பிறகு, குவித்த மண்ணை மேலே பரப்ப வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் ஓட்டுநர் நல்ல மண்ணைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, சரளை மேலே கொண்டுவந்து அழகாகத் தேய்த்துவிட்டுப் போவார். இரண்டாவது, ஈரத்தில் வண்டியை இறக்கவே கூடாது. சக்கரம் போன தடம் கீழே கல்லாக இறுகி, மழைக்காலத்தில் அந்தத் தடத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். வண்டி போன பிறகு ஒரு தடவை எல்லா இடத்தையும் கையால் கொத்திவிடுவது அவசியம்.

பள்ளத்தை ஒரேயடியாக நிரப்பாதீர்கள். நாலைந்து அங்குலம் போட்டு, மிதித்து, தண்ணீர் தெளித்து, பிறகு அடுத்த அடுக்கு.

எவ்வளவு மண் வாங்க வேண்டும்?

மண் லாரிக்காரர்கள் யூனிட் கணக்கில் பேசுவார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. ஒரு சென்டில் ஓர் அங்குலம் உயர்த்த 36 கன அடிக்குக் கொஞ்சம் கூட வேண்டும். மூன்று அங்குலத்துக்கு ஒரு யூனிட்டை ஒட்டி, ஆறு அங்குலத்துக்கு இரண்டேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பொலபொலவென்று கொட்டிய மண் இறங்கும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சொல்லுங்கள். இறக்குவதற்கு முன் லாரியில் ஏறி ஒரு கை அள்ளிப் பாருங்கள். மண் அடிக்கிற அண்ணாச்சி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

செம்மண், வண்டல், ஆற்றுமணல்: எதை அடிப்பது?

இருக்கிற மண்ணைப் பொறுத்தது. சரளுக்கும் தேரிக்கும் குளத்து வண்டல் நல்ல மருந்து, தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனால் குளத்து மண் எடுக்க முறையான அனுமதி வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் ராத்திரியில் வருகிற மண்ணை வாங்காதீர்கள். வண்டலோடு கோரைக் கிழங்கும் இலவசமாக வரும் என்பதால் சலித்துப் போடுவது நல்லது. கரிசலிலும் களி வயலிலும் வண்டலைக் கொட்டினால் இருக்கிற தொல்லை இரட்டிப்பாகும். அங்கே மேலே ஆறு அங்குலம் செவல் மண் போட்டு, எருவைக் கூட்டிக் கலப்பதே சரி.

களிமண்ணில் மணலைக் கலந்தால் இளகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கொஞ்சமாகக் கலந்தால் இளகாது, இன்னும் இறுகும். பாதிக்கு மேல் மணல் ஆனால்தான் வித்தியாசம் தெரியும்; அதற்கு ஆகிற செலவில் நல்ல எருவே வாங்கிவிடலாம். கல்குவாரித் தூளை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். நனைந்து காய்ந்தால் தளம் போட்டது போல ஆகிவிடும்.

எரு எது, எவ்வளவு?

நன்றாக மட்கிய தொழு உரம், சென்டுக்கு 150 முதல் 200 கிலோ, மேல் ஆறு அங்குலத்தில் கலக்கும்படி. ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கும் சேர்க்கலாம்.

ஆட்டுப் புழுக்கை சத்துள்ளதுதான், ஆனால் நம் பக்கத்து ஆடுகள் மேய்வது சீமைக் கருவேலங் காட்டில். நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை சாகாமல் வரும். புது எருவாகப் போட்டால் புல்லுக்கு நடுவே முள்செடி முளைத்து நிற்கும். குவித்து, நனைத்து, சில மாதம் மட்க விட்டுப் பயன்படுத்துங்கள்.

மட்டம் என்றால் தண்ணீர் மட்டமாகவே இருக்க வேண்டுமா?

கூடாது. இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். நெல் வயலைத் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதற்காக மட்டமாக்குகிறோம். புல்தரையில் தண்ணீர் நிற்கவே கூடாது. மேடு பள்ளம் இல்லாமல் ஒரே சீராக, ஆனால் ஒரு பக்கம் வாட்டமாக இருக்க வேண்டும். மொட்டை மாடித் தளத்துக்குக் கொத்தனார் விடுகிற வாட்டம் நினைவிருக்கிறதா, அதே வேலைதான்.

நூறு அடிக்கு ஓர் அடியிலிருந்து இரண்டு அடி வரை சரிவு போதும். இருபது அடி நீளமுள்ள இடத்தில் மூன்று அங்குலம் இறக்கினால் கண்ணுக்கு மட்டமாகவே தெரியும், தண்ணீருக்கு மட்டும் வழி தெரியும். கரிசலிலும் களியிலும் கொஞ்சம் கூட்டி, நான்கு அங்குலத்துக்கு மேலேயே இறக்கலாம்.

எந்தப் பக்கம் இறக்குவது என்பதுதான் உண்மையான கேள்வி. வீட்டை விட்டு விலகித்தான் எப்போதும். புல்தரை மண் வீட்டின் தரை மட்டத்துக்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்கட்டும்; சுவரை ஒட்டி மண்ணை ஏற்றினால் சுவரில் ஓதம் (ஈரக்கசிவு) ஏறும். பக்கத்து வீட்டுச் சுவருக்குத் தள்ளிவிடுவதும் வேண்டாம், மழைக்குப் பிறகு சண்டைதான் மிஞ்சும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் ஒரு குழி இருக்கும். அதை நோக்கி வாட்டம் விடலாம். புல் வேர் பிடிக்கும் வரை மண் கரைந்து உள்ளே போகாதபடி குழியின் ஓரத்தில் ஒரு வரிசை செங்கலாவது அடுக்கிவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அன்றைக்கு உங்கள் மனையில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எங்கே நின்றது, எந்த வழியாக வடிந்தது என்று வீட்டிலோ பக்கத்திலோ கேட்டுப் பாருங்கள். சுவரில் கறை கூட இருக்கலாம். எந்த இயந்திரத்தை விடவும் அது துல்லியமாகச் சொல்லும். தண்ணீர் தானாகப் போகிற திசைக்கு எதிராக வாட்டம் பிடிப்பது வீண் வேலை.

வாட்டத்தை எப்படி அளப்பது? ரசமட்டம் போதுமா?

மூன்றடி ரசமட்டத்தை இருபது அடிக்கு நகர்த்தி நகர்த்தி வைத்தால் பிழை கூடிக்கொண்டே போகும். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூப்தான் இதற்குச் சரி. முப்பது நாற்பது அடி ஒளி புகும் குழாயில், நடுவில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை வீட்டுச் சுவரில் குறித்த கோட்டிலும் மறுமுனையை இடத்தின் கடைசியில் அடித்த முளைக்குச்சியிலும் பிடியுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரம் ஒன்றே. குச்சியில் அந்த இடத்தைக் குறித்து, அதிலிருந்து மூன்று அங்குலம் கீழே இன்னொரு கோடு போடுங்கள். சுவர்க் கோட்டிலிருந்து இந்தக் கீழ்க் கோட்டுக்கு நூல் கட்டினால் அதுதான் வாட்டம்.

ஐந்தடிக்கு ஒரு வரிசையாக நூல் இழுத்துக் கட்டி, நூலுக்கும் மண்ணுக்கும் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி வரும்படி வெட்டியும் நிரப்பியும் வாருங்கள். கடைசியில் எட்டடி மட்டப் பலகையையோ பழைய இரும்புக் கட்டில் சட்டத்தையோ கயிறு கட்டி இழுத்தால் சின்னச் சின்ன மேடெல்லாம் தேய்ந்துவிடும். குறுக்கிலும் நெடுக்கிலும் இழுக்க வேண்டும். ஒரே திசையில் இழுத்தால் அலை அலையாக நிற்கும்.

தண்ணீர் கட்டித் தொழியாக்கி (சேறாகக் குழைத்து), வயலுக்கு அடிப்பது போல பரம்புப் பலகை இழுத்தால் சீக்கிரம் மட்டமாகுமே?

ஆகும். காய்ந்த பிறகு பாளம் பாளமாக வெடிக்கவும் செய்யும். தொழியடிப்பது மண்ணில் காற்றும் நீரும் போகிற சந்துகளை அடைப்பதற்கான வேலை, நெல்லுக்கு அது வேண்டும், புல்லுக்கு வேண்டாம். தண்ணீரைத் தெளித்து மண்ணை இறங்க விடுங்கள், மிதித்துக் குழைக்காதீர்கள்.

உருளை போட்டு அமுக்க வேண்டுமா?

லேசாக. உருளை கிடைக்காவிட்டால் 200 லிட்டர் டிரம்மில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ தண்ணீர் நிரப்பி, நன்றாக மூடி உருட்டலாம். மண் கையில் ஒட்டாத பதத்தில் இருக்கும்போது மட்டும். நிறைய அமுக்கினால் வேர் இறங்காது.

பைப் எப்போது பதிப்பது?

கடைசி மட்டத்துக்கு முன்னால். பள்ளம் எடுத்த மண்ணை அடுக்கடுக்காகத் திரும்பப் போட்டு இறுக்காவிட்டால், முதல் மழையில் பைப் போன வழி வாய்க்காலாகத் தெரியும்.

நடுவில் ஒரு வேம்பு நிற்கிறது. அதன் அடியிலும் மண் ஏற்றலாமா?

மரத்தடியில் ஓரிரு அங்குலத்துக்கு மேல் மண் ஏற்றாதீர்கள், தூரை மூடவே மூடாதீர்கள். வேர் மூச்சு முட்டி, சில வருடத்தில் மரம் நொடியும். மட்டத்துக்காக வேரை வெட்டுவதும் தவறு. தவிர, அடர்ந்த நிழலில் எந்தப் புல்லும் அடர்த்தியாக வராது. அகன்ற இலையுள்ள பஃபல்லோ புல் கொஞ்சம் தாங்கும், அருகம்புல் தாங்கவே தாங்காது. அந்த வட்டத்தைப் புல் இல்லாமல் விட்டுவிட்டு ஒரு கல் திண்ணை போட்டால் சாயங்காலம் உட்காரவாவது ஆகும்.

நாங்கள் இருப்பது திசையன்விளைப் பக்கம். மண்ணும் பறக்கிறது, போர்த் தண்ணீரும் உப்பு. வாய்ப்பே இல்லையா?

இருக்கிறது, செலவு கூடும். தேரி மணலில் வாட்டத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம், தண்ணீர் நிற்காது. மேலே நான்கு அங்குலத்துக்கு வண்டலும் எருவும் கலந்த மண் வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், காலையில் பிடித்த மட்டம் சாயங்காலம் சுவரோரம் குவிந்து கிடக்கும். வள்ளியூர், பணகுடி என்று காற்றாலை சுற்றுகிற ஊர்களுக்கும் இதுதான். அங்கே புல்லைத் துண்டாக நறுக்கி ஊன்றுவதை விடப் பாயாக வரும் புல்லைப் பதிப்பது பாதுகாப்பு.

உப்புத் தண்ணீருக்கு முதல் தேவை வடிகால். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேலேயே தங்கி வெள்ளை பூக்கும். இடைவெளி விட்டு, ஆழமாக இறங்கும்படி விட்டால் உப்பு வேருக்குக் கீழே போகும். மாடியில் விழும் மழைநீரை ஐப்பசி, கார்த்திகையில் புல்தரைக்கே திருப்பிவிட்டால் வருடத்துக்கு ஒரு தடவை மண் கழுவப்பட்டுவிடும். சோடியம் அதிகம் என்று பரிசோதனையில் வந்தால் மட்டும் ஜிப்சம் போடுங்கள்.

எல்லாம் முடிந்தது. புல் பதிக்கலாம் என்று எப்படித் தெரியும்?

மட்டம் பிடித்த பிறகு இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை நன்றாக நனையத் தண்ணீர் விடுங்கள். உள்வாங்குகிற இடம் உள்வாங்கும், முளைக்கிற களை முளைக்கும். பள்ளத்தைச் சலித்த மண்ணால் நிரப்பி, களையை வேரோடு எடுத்து, மேலே லேசாகச் சீவிவிடுங்கள். ஆழமாகக் கிளறினால் புதிதாகக் களை விதை மேலே வரும்.

அப்புறம் மண் ஓரளவு காய்ந்ததும் நடந்து பாருங்கள். குதிகால் அரை அங்குலத்துக்கு மேல் புதைந்தால் இன்னும் இறுகவில்லை, தடமே விழாவிட்டால் அதிகமாக இறுகிவிட்டது. நடைபாதைக் கல்லின் விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே மண் நிற்கிறதா என்றும் பாருங்கள். பாயாக வரும் புல்லுக்கு அந்த இடம் வேண்டும், நறுக்கி ஊன்றுவதென்றால் அரை அங்குலம் போதும். கடைசியாக, ஹோஸைத் திறந்து மேல் முனையில் கால் மணி நேரம் விடுங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே ஒரு குச்சி நடுங்கள். குச்சி நட்ட இடங்களை மட்டும் மறுநாள் சரிசெய்துவிட்டு, நர்சரிக்குப் போன் போடலாம்.